கூடைக்குக் கீழே நின்றவன்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானே எட்டு மாதமாக நம்பாமல் இருக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேய் என்றாலே ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் கிடையாது. பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். கையில் சாப்பாட்டுப் பொட்டலம் சுடச்சுட இருந்தது. வெயில் கண்ணைக் கூச வைத்தது. அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் யாரும் சாகவில்லை. அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பும் யாரும் செத்ததில்லை, விசாரித்துவிட்டேன். அந்த மெஷினிலும் யாரும் செத்ததில்லை. அது வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத புது மெஷின். அப்படியானால் பேய் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் கேள்வி. பதில் தெரியும் என்று சில நேரம் தோன்றும். அப்போதெல்லாம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

நான் சின்ன கிரேன் ஓட்டுகிறவன். பெரிய கிரேன் தெருவில் நிற்கும், ஊரே அண்ணாந்து பார்க்கும். எங்கள் கிரேனை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலை மடக்கினால் அது ஒரு சாதாரண வாசலுக்குள் நுழைந்துவிடும். உள்ளே போய் நான்கு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, கண்ணாடி, மோட்டார், இரும்பு உத்தரம் என்று எதை வேண்டுமானாலும் தூக்கும். கால் விரித்து உட்கார்ந்தால் பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். கிரேன்களை நிறுத்தி வைக்கிற எங்கள் யார்டில் அதற்குப் பெயரே சிலந்திதான்.

பதினான்கு வருடம் சிலந்தி ஓட்டினேன். அரை டன் கண்ணாடியைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவது போல இறக்கி வைப்பேன். 'இன்னும் ஒரு மில்லிமீட்டர்' என்று யாராவது கத்தினால், சரியாக ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் யார்டில் என் பெயர் மில்லிமீட்டர். வீட்டுக்குக் கறிகாய் கொண்டு வருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

இப்போது என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கை கணவன். என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். நாலு வருடத்துக்கு முன்னால் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தான். 'உங்க யார்டுல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்' என்று என் மனைவி காலையும் மாலையும் என் காதைத் தின்றாள். சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். நல்லவன். அதுதான் பிரச்சினையே. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். வாய்க்கு வாய் 'அண்ணா, அண்ணா' என்பான். வேலையை என்னைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டான்.

புது சிலந்தி ஒரு திங்கட்கிழமை வந்து இறங்கியது. பழையதில் பக்கத்திலேயே நின்று லீவர் இழுக்க வேண்டும். இதில் ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு எங்கிருந்தும் ஓட்டலாம். கொக்கியைக் கழற்றிவிட்டு ஆள் நிற்கிற கூடையை மாட்டலாம். ஓட்டுகிறவனே கூடையில் ஏறி நின்று, தன்னைத்தானே பதினான்கு மீட்டருக்குத் தூக்கிக்கொள்ளலாம். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. இது என்னுடையது என்று மனசு முடிவே செய்துவிட்டது.

முதலாளி வந்தார். மெஷின் சாவியை என்னைத் தாண்டி நீட்டினார்.

"ரிமோட் எல்லாம் சின்னவர் பார்த்துக்கட்டும். நீங்க அனுபவஸ்தர். கீழ நின்னு சிக்னல் காட்டுங்க. உங்க கண்ணு போதும்."

கண் போதும். கை வேண்டாம் என்று அர்த்தம். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எங்கள் வேலையில் சில விதிகள் உண்டு. ஓட்டுகிறவனுக்கு மஞ்சள் கோட்டு. கீழே நின்று சிக்னல் காட்டுகிறவனுக்கு ஆரஞ்சு கோட்டு. ஓர் இடத்தில் ஓர் ஆரஞ்சுதான் இருக்கலாம். மேலே இருப்பவன் தேடித் தடுமாறக் கூடாது. ஆரஞ்சு எங்கே தெரிகிறதோ, அந்தக் கைக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும். கீழே ஆரஞ்சு இல்லாமல் கூடையில் ஏறவே கூடாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தால் 'நிறுத்து'. அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும்.

பதினான்கு வருடம் மஞ்சள் போட்டவன், அன்றைக்கு ஆரஞ்சு போட்டேன். வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான். பச்சைப் பொறாமை.

அன்று சாயங்காலம் மச்சினி போன் செய்தாள். "எல்லாம் உங்களாலதான் மாமா. அவருக்குக் கால் தரையில நிக்கல" என்றாள். "நல்லா இருக்கட்டும்மா" என்றேன். சகலை புது மெஷின் பக்கத்தில் ரிமோட்டோடு நிற்கிற படத்தை என் மனைவி பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கே அனுப்பினாள். கூடவே நாலு பூ, இரண்டு கைதட்டல்.

அதன் பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஓர் அலுவலகக் கட்டடம். முன்பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு வெறும் கண்ணாடி. உள்ளே பெரிய கூடம். வரவேற்பு மேசை, சுவரில் வட்டக் கடிகாரம், தரை முழுக்கச் சாம்பல் நிறக் கார்ப்பெட். விரிசல் விட்ட ஒரு கண்ணாடியை மாற்ற வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கூடையில் ஏறி இணைப்புகளுக்கு ரப்பர் பசை பூச வேண்டும். விடுமுறை என்பதால் உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். நான், சகலை, கண்ணாடிக்காரர். பின்வாசலில் ஒரு வாட்ச்மேன்.

கண்ணாடிக்காரர் எங்களுக்குப் புதியவர். வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"இங்க மில்லிமீட்டர்னு சொல்றாங்களே... நீங்கதானா தம்பி?"

சகலையைப் பார்த்துக் கேட்டார். சகலை வெட்கத்தோடு சிரித்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

காலை 8.20. கட்டட மேற்பார்வையாளர் என்னைத் தனியாக அழைத்துக் காட்டினார். சகலை அப்போது வெளியே மெஷினை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தச் சுவர் ஓரமா, கார்ப்பெட்டுக்கு அடியில, கேபிள் போற கால்வாய் இருக்கு. மேல மூடி ரொம்ப மெல்லிசு. ஆள் நடக்கலாம். பாரம் வச்சீங்கன்னா போச்சு."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நடுவில் ஒரு தூண் இருந்ததால் மெஷினை நகர்த்தி வைக்க வழியில்லை. நாலாவது காலுக்கு அடியில் வைக்கிற பலகை பாதி அந்த மூடியின் மேல்தான் உட்கார்ந்தது. மெஷினின் பூம், அதாவது அந்த நீளமான தூக்கும் கை, கண்ணாடிப் பக்கம் இருக்கும் வரை பயமில்லை. பாரம் மற்ற கால்களில் இறங்கும். சுவர்ப் பக்கம் திருப்பி நீட்டினால் மொத்தப் பாரமும் அந்த நாலாவது காலில்தான். மெஷினின் திரைக்குப் பாரம் தெரியும், தூரம் தெரியும். கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்.

வண்டியில் நீளமான இரும்புத் தகடு ஒன்று இருந்தது. அதைக் கால்வாய்க்குக் குறுக்கே போட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் ஆகும்.

"எல்லாக் காலும் சரிதானேண்ணா?" என்று சகலை கேட்டான்.

"சரிதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். மத்தியானம் தகட்டைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மெஷின் லேசாக ஆடட்டும். அலாரம் கத்தட்டும். 'பழைய ஆளையே கூப்பிடு' என்று முதலாளி சொல்லட்டும். அவனுக்கு ஒரு சின்ன அவமானம். அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

9.40. பழைய கண்ணாடி கழன்று, ரப்பர் கப்புகளில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். கையைத் தூக்கவில்லை. அதற்குள் கண்ணாடி நின்றுவிட்டது.

"நான் காட்டறதுக்கு முன்னாடியே நிறுத்தற?" என்றேன். குரலில் சூடு இருந்திருக்கும்.

"காட்டினீங்களேண்ணா. ஹெல்மெட்ட ரெண்டு தட்டு தட்டிட்டு..."

எந்த சிக்னல் காட்டுவதற்கு முன்னாலும் ஹெல்மெட்டை இரண்டு முறை தட்டுவது என் பழக்கம். 'இதோ பார்' என்று அர்த்தம். யார்டில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

என் இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள் இருந்தன.

10.55. கண்ணாடிக்காரர் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிச் சகலைக்குக் கொடுத்தார். நானும் கை நீட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இப்பதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"நானா?"

"அந்தத் தூண் பக்கம் போனீங்களே. ஒரு வார்த்தை பேசலியேன்னு நினைச்சேன்."

தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு காகிதக் கப். நிறைய டீ. ஆவி வந்துகொண்டிருந்தது. நாலாவது காலின் பலகை மேல், சரியாக மூடிக்கு மேலே இருந்த பாதியில், வைத்திருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். டீயைக் கொட்டிவிட்டேன்.

11.30. புதுக் கண்ணாடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. துடைத்த கண்ணாடி. கூடம் முழுக்க அதில் தெரிந்தது. மஞ்சள் கோட்டு, சகலை. நீலச் சட்டை, கண்ணாடிக்காரர். ஆரஞ்சு, நான்.

எனக்குப் பின்னால் நாலடி தள்ளி... இன்னோர் ஆரஞ்சு.

திரும்பினேன். தூண். சுவர். கடிகாரம்.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அது அதற்குள் உயர்ந்து, வெறும் கூரையைக் காட்டியது.

12.50. கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் எனக்கு எரிந்தது. கண்ணாடிக்காரர் பக்கத்தில்தான் வீடு என்று சாப்பிடப் போனார்.

"நான் போய்ச் சாப்பாடு வாங்கிட்டு வரேன். நீ கூடைய மாட்டி வை. ஏறாத" என்றேன்.

"நீங்க கீழ இல்லாம ஏறுவேனாண்ணா?"

பின்வாசல் வழியாகப் போனேன். வாட்ச்மேன் திறந்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டார். முன்பக்கத் தானியங்கிக் கதவை விடுமுறைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போக வேறு வழி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தாண்டித்தான் போனேன். தகடு கண்ணில் பட்டது. வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

திரும்பி வரும்போது கட்டடத்தின் முன்பக்கமாக வந்தேன். அதுதான் குறுக்கு வழி. கண்ணாடி வழியே உள்ளே கடிகாரம் தெரிந்தது.

1.12.

கூடை மேலே இருந்தது.

பதினோரு மீட்டர் இருக்கும். அதில் சகலை. இடுப்பில் ரிமோட். குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏறாதே என்று சொன்னேனே...

அப்புறம்தான் அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தேன்.

கூடைக்குக் கீழே ஓர் ஆள் நின்றான்.

ஆரஞ்சு கோட்டு.

கண்ணாடிக்காரர் என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாரா? குனிந்து பார்த்தேன். என் கோட்டு என் மேல்தான் இருந்தது.

அந்த ஆள் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். ஹெல்மெட்டின் பின்பக்கம் விரிசல். அதன் மேல் ஒட்டிய கறுப்பு டேப். போன வருடம் நான் ஒட்டியது. என் ஹெல்மெட்டின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். என் தலையிலும் இருந்தது.

அவன் கையைத் தூக்கினான். ஹெல்மெட்டைத் தட்டினான்.

ஒன்று. இரண்டு.

மேலே சகலை தலையாட்டினான்.

அந்தக் கை சுவர்ப் பக்கம் நீண்டது. 'திருப்பு.'

பூம் மெதுவாகத் திரும்பியது. கண்ணாடியை விட்டு விலகி... சுவரை நோக்கி...

இரண்டு முஷ்டி. கட்டைவிரல்கள் வெளிப்பக்கம். 'நீட்டு.'

பூம் நீண்டது.

கால்வாய் அங்கே இருப்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கைக்கும் தெரிந்திருந்தது.

கண்ணாடியைத் தட்டியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். இனி சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

நான் சும்மா நின்றேன்.

பயத்தில் உறைந்து போனேன் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். அது பொய். எனக்குள் பயம் இல்லை. வயிற்றில் மூன்று வாரமாக எரிந்தது குளிர்ந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது போல இருந்தது. இன்னும் கொஞ்சம்... என்று நினைத்தேன்.

1.13.

இன்னும் கொஞ்சம்.

பூம் நீண்டது.

நாலாவது காலின் கீழே கார்ப்பெட் குழிந்தது. பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. எதிர்ப்பக்கக் கால் தரையை விட்டு எழும்பியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது.

கூடை ஆடியது. சகலை கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் மின்னுகிற அலாரம் விளக்கைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை. ஆரஞ்சை மட்டும் பார்த்தான். அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

அப்போது அந்த ஆள் தலையைத் திருப்பினான்.

முழுதாக இல்லை. பாதி. தோளுக்கு மேலாக. முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டின் நிழல்...

என்னைத்தான் பார்த்தான்.

கிரேன் ஓட்டுகிறவன் சிக்னலுக்காகப் பார்ப்பானே... அந்தப் பார்வை.

அவன் காத்திருந்தான்.

என் கைக்கு.

பொட்டலம் கீழே விழுந்தது. இரண்டு கையையும் அகல விரித்தேன்.

அவனும் விரித்தான்.

பூம் நின்றது.

1.14.

ஹெல்மெட்டை இரண்டு தட்டு தட்டினேன். அவனும் தட்டினான். 'மடக்கு' என்று காட்டினேன். காட்டினான். 'மெதுவா... மெதுவா.' பூம் உள்ளே வந்தது. எழும்பிய கால் தரையைத் தொட்டது. 'திருப்பு.' திரும்பியது. 'இறக்கு.'

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவன். பதினான்கு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக நான் சிக்னல் காட்டியதில்லை. கூடை தரையில் உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஓடினேன். கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்கு. கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. வாட்ச்மேன் சாவியோடு வந்தார்.

"யாரு உள்ள வந்தது?" என்றேன்.

"யாரும் வரலியே. நீங்க போனதுக்கு அப்புறம் இப்பதான் கதவையே தொறக்கறேன்."

உள்ளே சகலை மட்டும்தான் இருந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் நிறுத்தலன்னா போயிருப்பேண்ணா."

"நீ... ஏன் ஏறின?"

"நீங்கதானே வந்து நின்னு ஏறச் சொல்லிக் காட்டினீங்க? ஒண்ணு அடிச்சப்ப. அதுக்குள்ள சாப்பாடு வாங்கிட்டீங்களான்னுகூடக் கேட்டேன். நீங்க பதிலே சொல்லல." சுற்றிலும் பார்த்தான். "சாப்பாடு எங்கண்ணா?"

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். மூடி நடுவில் பிளந்திருந்தது. கால் நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு இறங்கியிருந்தால் மெஷின் குப்புற விழுந்திருக்கும்.

"இங்க கால்வாய் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

நான் கார்ப்பெட்டை இழுத்து மறுபடி மூடினேன்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. நான் சகலையின் உயிரைக் காப்பாற்றியவன் ஆகிவிட்டேன். மச்சினி வீட்டுக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணா இல்லைன்னா நான் இல்ல" என்று சகலை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். ஒவ்வொரு தட்டலும் எங்கே விழுந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

மாதக் கடைசியில் வேலையை விட்டேன். இப்போது ஒரு பெயிண்ட் கிடங்கில் இருக்கிறேன். ஞாயிறு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். பொறாமை எல்லாம் போய்விட்டது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் சகலையும் மச்சினியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாகச் சகலை கேட்டான்.

"ஏண்ணா, சைட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேசிட்டுப் போகக் கூடாதா?"

"எந்த சைட்டுக்கு?"

"எல்லா சைட்டுக்கும்தான். ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு மணிக்கு வந்து நின்னுடறீங்களே. எங்க சிக்னல் ஆள் அப்பதான் சாப்பிடப் போறான். எறங்கலாம்னு பார்த்தா நீங்க கீழ நிக்கறீங்க. எனக்கு என்ன கவலை? நீங்க காட்டறபடி ஓட்டுவேன். எறங்கிப் பார்த்தா ஆளைக் காணோம்."

என் மனைவி சிரித்தாள்.

"இவரா? ஒரு மணிக்கு இவர் இந்த சோபாவுல குறட்டை விட்டுட்டு இருப்பாரு. அதுல ஒரு வேடிக்கை. தூக்கத்துல கைய ஆட்டிக்கிட்டே இருப்பாரு. பழைய வேலை ஞாபகம் போல."

எல்லாரும் சிரித்தார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவனைத் தனியாகப் பிடித்தேன். "இனிமே நான் வந்தா என்னைப் பார்க்காத. உடனே எறங்கிடு" என்றேன்.

"ஏண்ணா, என் மேல கோவமா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் கால்வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சரிதான்' என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்குவதில்லை. தூங்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

போன ஞாயிறு. சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நன்றாக விழித்திருந்தேன். 1.06க்குப் போன் அடித்தது. சகலை. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்தேன்.

"அண்ணா, மேல இருந்து கத்தினா உங்களுக்குக் கேக்காதுன்னுதான் போன் பண்றேன்."

கத்தி கையிலிருந்து நழுவியது.

"நீ... எங்க இருக்க?"

"என்னண்ணா, தலைக்கு மேலதான் நிக்கறேன். ஒரு நல்ல சேதி. எறங்கற வரைக்கும் பொறுமை இல்ல. அடுத்த மாசம் பெரிய மெஷின் வருது. முப்பது மீட்டர் கூடை. முதலாளி இப்பதான் சொன்னாரு. அதுவும் எனக்குத்தானாம்!"

முப்பது மீட்டர்.

சந்தோஷப்பட வேண்டும். இப்போதே. மனசார. வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தை நினைத்தேன். மச்சினி முகத்தை நினைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றேன்.

போனில் மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது. ர்ர்ர்ர்...

"அப்புறம் ஏண்ணா..." என்றான் சகலை. "இன்னும் நீட்டு, இன்னும் நீட்டுன்னு கை காட்டறீங்க?"

சமையலறை நடுவில் இரண்டு கையையும் அகல விரித்தேன்.

மோட்டார் நின்றது.

"சரிண்ணா. நிறுத்திட்டேன்" என்றது போன்.

என் மனைவி வந்து வாசலில் நின்று, "என்னங்க இது?" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் வலித்தது. கையை இறக்க எனக்குப் பயமாக இருந்தது.